பெயர் மட்டும் மிஞ்சிய கோப்புகள்

"சேவ் அழுத்திட்டு ஒரு பிரசவமே பாத்துட்டு வந்துடலாம் போல," என்றாள் நர்ஸ் அஃபியா.

கானா நாட்டின் குமாசி நகரில் அந்த மகப்பேறு மருத்துவமனையின் பதிவேடு கணினிக்கு மாறி ஒரு வாரம்தான். நிரலை எழுதிய செர்வா அதிகம் பேசமாட்டாள். விவரம் கணினியின் வட்டில் உண்மையாகவே பதிந்த பிறகுதான் அவள் நிரல் 'ஆயிற்று' என்று சொல்லும். அதுவரை பத்து மேசைகளும் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

"இந்தக் காத்திருப்பைத் தூக்கிடு," என்றார் மேலாளர் அஜாபோங்.

"பாஸ், கரண்ட் போனா..."

"போகட்டும்மா!"

தூக்கினாள். வேலை பறந்தது. மதியம் மின்சாரமும் பறந்தது. திரும்பி வந்தபோது முப்பது கோப்புகள் பெயரோடு நின்றன. திறந்தால் உள்ளே வெறுமை. பெயர்கள் வட்டுக்குப் போய்விட்டன, விவரங்கள் வழியிலேயே அழிந்துவிட்டன.

"பேர் வைக்கிற விழா முடிஞ்சிடுச்சு. புள்ளையத்தான் காணோம்," என்றாள் அஃபியா.

அஜாபோங் யூ.பி.எஸ். வாங்கி வைத்தார். நர்ஸ்கள் அதில் டீ கெட்டிலைச் செருகினார்கள். அது கீச்சிட்டு, மின்சாரம் இருக்கும்போதே கணினியை அணைத்தது. இன்னும் நாற்பது வெற்றுக் கோப்புகள். யூ.பி.எஸ்.ஸைக் கழற்றி ஓரங்கட்டினார்கள்.

"நாளைக்கு வட்டார அதிகாரி வர்றாங்க. சொதப்பினா உன் நிரல் குப்பைக்கு, நாங்க பழைய நோட்டுக்கு. வேகம் முக்கியம், புரியுதா?" என்றார் அஜாபோங்.

செர்வா தலையாட்டினாள். காத்திருப்பைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஆனால் இந்த முறை, ஊரே சேர்ந்து ஏறும் ட்ரோட்ரோ வேனில் ஏறுவதுபோல் பத்து மேசைப் பதிவுகளும் சேர்ந்து ஒரே நடையில் வட்டுக்குப் போயின. இறங்கும்வரை யாருக்கும் 'ஆயிற்று' இல்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி ட்ஸிஃபா வந்து உட்கார்ந்தார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று வெளியே போன செர்வா, திரும்பி வந்து மூலையில் நின்றாள். பத்து மேசைகளும் தடதடத்தன.

"வேகத்தைப் பாத்தீங்களா மேடம்? என் யோசனைதான்!" என்றார் அஜாபோங்.

விளக்குகளும் கணினிகளும் அணைந்தன.

"ஐயோ! மேடம், யோசனை என்னுது இல்ல, இந்தப் பொண்ணோடது!"

மின்சாரம் வந்தது. அஃபியா ஒவ்வொன்றாகத் திறந்தாள். "ஆயிற்றுன்னு சொன்னது நூத்திப் பன்னிரண்டு. நூத்திப் பன்னிரண்டும் இருக்கு. உள்ளயும் இருக்கு!"

நர்ஸ்கள் கைதட்டினார்கள்.

"நம்ம வட்டாரத்துல இருக்கிற பன்னிரண்டு மருத்துவமனைக்கும் இதையே போடுங்க," என்றார் ட்ஸிஃபா. "சரியா இந்த நேரம் பாத்து கரண்ட் போச்சே, உன் அதிர்ஷ்டம்மா!"

செர்வா தரையைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

கதவருகே காவலாளி அல்ஹாசன் தலையை நீட்டினான்.

"செர்வா அக்கா, நீங்க சொன்ன மாதிரி மெயின் சுவிட்சை ஒரு தடவை இறக்கினது போதுமா, இன்னொரு தடவை இறக்கட்டுமா?"