நலம் என்று சொன்னதால் வந்த வினை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை நின்றுவிட்டது. அந்த வார்த்தையால்தான் உன் அத்தானின் உதவித்தொகையே கைநழுவப் பார்த்தது.

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவருக்கு வயரிங் வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். எங்கள் தெருமுனை உதவி மையத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். சட்டப்படி நமக்கு வரவேண்டியதை வாங்கித் தருவதுதான் அவர் வேலை, நம்மிடம் காசு வாங்குவதில்லை. அவர்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்து, "அதிகாரி வீட்டுக்கு வந்து பாப்பாரு. எதையும் ஒதுக்கி வைக்காதீங்க, தினமும் இருக்கற மாதிரியே இருக்கட்டும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். ஒரு மனிதர் வீட்டுக்கு வரும்போது மூத்திரச் சட்டியைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டா "வாங்க" என்பது? சட்டி, ஊன்றுகோல், தைலப் புட்டி எல்லாம் குளியலறைக்குள் போயின. இவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தேன். அதிகாரி "எப்படி இருக்கீங்க?" என்றார். "ஆண்டவன் புண்ணியத்துல ஒரு குறையுமில்ல" என்றார் இவர். குறை சொன்னால் கொடுத்தவன் கோபித்துக்கொள்வான் என்று சொல்லிக் கொடுத்தவளே நான், யாரை நோக? "உங்க வேலையெல்லாம்?" "நானே பாத்துக்குவேன்." பின்னால் நின்று நானும் தலையாட்டினேன். விண்ணப்பம் தள்ளுபடி.

மைய அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, அவரு மாப்பிள்ளை பாக்கவா வந்தாரு?"

ஆனாலும் விடாமல் மேல்முறையீடு செய்து, விசாரணைக்குக் கூடவே வந்தார். அங்கே விசாரணை நடத்திய பெரியவர் அதே கேள்வியைக் கேட்க, இவர் "பெரிசா குறை..." என்று ஆரம்பிக்க, அம்மாள் இருமினார். அதற்குள் ஒரு பெண் அலுவலர் கோப்போடு உள்ளே வந்தார். அவருக்கு இடம் கொடுக்கிறாராம், உன் அத்தான் எழுந்தார். பாதியில் மாட்டிக்கொண்டார், மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"எந்திரிக்கற மூஞ்சியப் பாரு! காலையில கட்டில்லேருந்து எழுப்பினது யாரு? செருப்பு மாட்டினது யாரு? கக்கூஸ்ல உக்கார வெச்சிட்டு வெளிய காவல் நிக்கறது யாரு? பொரண்டு படுக்க என் கை வேணும், இதுல சபை மரியாதை வேற!"

சோப்பு, தீப்பெட்டி வரை கணக்கு எழுதுகிறவள் நான். இந்த மனிதரைத் தூக்கி நிறுத்துவதை ஒருநாளும் எழுதியதில்லை. அன்றைக்கு மொத்தமாக வந்துவிட்டது.

அம்மாள் மெதுவாக, "ஐயா, இதைத்தான் நாங்க சொல்ல வந்தோம்" என்றார்.

பெரியவர் பேனாவைத் திறந்தார். "அம்மா, கொஞ்சம் நிதானமா சொல்லுங்க, எழுதிக்கறோம்."

வீட்டுப் படியேறும்போது இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அத்தனை பேர் முன்னால கக்கூஸைச் சொல்லணுமா?" என்றார். "அதுக்குத்தான் பணமே" என்றேன்.

நேற்று உதவித்தொகை உத்தரவு வந்துவிட்டது. இனி நீ மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டாம், பிள்ளைகள் படிப்புக்கு வைத்துக்கொள். உன்னையும் உன் குடும்பத்தையும் ஆண்டவன் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கணவரைக் கவனித்துக்கொள்கிற எனக்கும் தனியாக ஒரு தொகை உண்டாம், அம்மாள் படிவம் அனுப்பியிருந்தார். நான் குளிக்கப் போன நேரத்தில் உன் அத்தான் அதை நிரப்பிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் தபாலில் போடக் கொடுத்துவிட்டார். 'உங்களைக் கவனித்துக்கொள்பவர் யார்?' என்ற இடத்தில், 'அப்படி எவரும் இல்லை. மனைவிக்கு வீட்டு வேலையே சரியாக இருக்கிறது' என்று எழுதினாராம், பெருமையாகச் சொல்கிறார். இதைப் பார்த்தால் வந்த உத்தரவுக்கும் வினைதான், மாதப் பணத்தை இப்போதைக்கு நிறுத்திவிடாதே. நான் மையத்துக்குக் கிளம்புகிறேன்.