கேம் சட்டத்துக்கு எதிராக ஒரு தோட்டம்

எனக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. புதுப் போனின் கேமரா ஏன் முதுகில் துருத்திக்கொண்டு நிற்கிறது, செயற்கை நுண்ணறிவு யார் வேலையைத் தின்னப் போகிறது, எந்த கேமில் எந்தத் துப்பாக்கியின் சக்தியைக் குறைத்தது அநியாயம் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. பதுளையில் நஸீர் நானாவின் போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுவது என் வேலை. மற்ற நேரமெல்லாம் (நானாவைக் கேட்டால் வேலை நேரத்திலும்தான் என்பார்) இணையத்தில் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். என் பக்கத்தை நாலாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னைத் திட்டுவதற்கென்றே வந்தவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் இணைய விளையாட்டுகளுக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு வரைவு வெளியானது. அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்தால்தான் விளையாடலாம், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்றெல்லாம் அதில் இருந்தது. நான் பொங்கி எழுந்தேன். ஒரே வாரத்தில் பதினோரு பதிவுகள். பதினோராவதின் கீழே, 'கீபோர்ட் ராஜா' என்ற பெயரில் ஒருவன் வந்து எழுதினான்: "தெமோதரைத் தோட்டத்துல யாருக்குக் கேம் சட்டத்தப் பத்திக் கவலை? கொழுந்து பறிக்கிறவங்களுக்கு இதுல என்ன கருத்து இருக்கப் போகுது?"

தெமோதரை நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். 'எங்கள் தோட்டத்தில் நூறு பேரின் கருத்தைக் கையெழுத்தோடு கொண்டுபோய் அங்கே வைக்கிறேன், நேரலையில் பார்' என்று நாலாயிரம் பேர் முன்னால் சபதம் போட்டேன். தோட்டத்து ஆட்களுக்கும் கருத்து இருக்கிறது என்று அவன் வாயாலேயே சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்கே பெயர், அடையாள அட்டை இலக்கம், கருத்து, கையெழுத்து என்று நாலு கட்டம் போட்டுத் தாள் அடித்தேன். மேலே தலைப்பு: 'இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குறுத்தும் உத்தேச ஏற்பாடுகள் மீதான பொதுமக்களின் ஆட்சேபனை.' அதை நானே மூன்று தடவை வாசித்து ரசித்தேன். (என்னைத் தவிர வேறு யாரும் அதை வாசிக்கவில்லை என்பது பிறகு உறுதியானது.)

நான் காலை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போகிறவள். ஆகவே தாள்களைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவிடம் ஒப்படைத்தேன்.

"காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க எல்லாரும் வருவாங்கல்லம்மா, அப்ப கையெழுத்து வாங்கிருங்க."

"எதுக்குன்னு கேட்டா என்னன்னு சொல்றது?"

"கச்சேரிக்குக் கொண்டு போறேன், நம்ம உரிமைன்னு சொல்லுங்க. கருத்துங்கிற கட்டத்துல மனசுல உள்ளத அப்படியே எழுதச் சொல்லுங்க."

"அடையாள அட்டை நம்பரும் எழுதணுமா?"

"கட்டாயம்."

அம்மா தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப சரி," என்றார்.

இரண்டே நாளில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. தாள் போதவில்லை. எங்கள் லய வீட்டு வரிசைக்குக் கீழே குடியிருக்கும் செல்வி அக்கா நான் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை காத்திருந்து, "என் பேரு விட்டுப்போகலயே தங்கச்சி?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும் கன்னத்தைத் தடவி, "நீ நல்லா இருப்ப," என்றார். நான் நெகிழ்ந்துபோனேன். தோட்டத்தில் டிஜிட்டல் உரிமை குறித்து இப்படியொரு தாகமா என்று வியந்தேன். செல்வி அக்காவிடம் இருந்தது பட்டன் போன் என்பதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். நான் கையெழுத்தை எண்ணினேனே தவிர, கருத்துக் கட்டத்தை வாசிக்கவில்லை. பேசப்போகிற எட்டு நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்வதில் மும்முரமாக இருந்தேன்.

கூட்டத்தன்று நஸீர் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்து, என் போனை உயரப் பிடித்துக்கொண்டு நேரலை ஓட்டினார். எட்டு நிமிடமும் பிழையில்லாமல் பேசினேன். பேசி முடித்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. நான் தாள்களை மேசையில் வைத்து, "மேடம், எங்க மக்களோட கருத்துகள்ல சிலதையாவது நீங்க சத்தமா வாசிக்கணும்," என்று கேட்டுக்கொண்டேன்.

தலைமை அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'மழை பேஞ்சா கட்டில நகத்த வேண்டியிருக்கு. ஆறு தகரம் போதும்.'"

அதிகாரி என்னைப் பார்த்து, "இது எந்த கேம்?" என்று உண்மையாகவே கேட்டார்.

பின்வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. "அது உவமை மேடம். மக்களோட டிஜிட்டல் கூரை ஒழுகுதுன்னு சொல்ல வர்றாங்க."

அவர் அடுத்ததை வாசித்தார். "'கக்கூசுக்குக் கதவு இல்ல.'"

"அது தனியுரிமை பத்தினது மேடம்," என்றேன். (இன்றைக்கும் அந்தப் பதில் எனக்குப் பெருமைதான்.)

"'பக்கத்துக் காம்பரா வீட்டுக்குப் போன தடவ பன்னெண்டு குடுத்தீங்க, எங்களுக்கு நாலு. இது நியாயமா?'"

அதற்கு ஓர் உவமையைத் தேடத் தொடங்கினேன். அதிகாரி தாளைத் திருப்பி, என் அம்மாவின் பெயரில் போய் நின்றார். "'என் மக என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். தகரம் எட்டு.'"

மண்டபம் சிரித்துத் தீர்த்தது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எங்கள் தோட்டத்தில் அடையாள அட்டை இலக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கச்சேரிக்குப் போகிற தாள் என்றால் அது கூரைத் தகரத்துக்கான பட்டியல்தான். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதற்கு முந்திய மாதம் அடித்த காற்றில் மூன்று லயத்தின் கூரை போயிருந்தது. எங்கள் வீட்டிலேயே இரண்டு இடத்தில் வாளி வைத்திருந்தோம். அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பதினோரு பதிவையும் எழுதினேன்.

"புள்ள, நிப்பாட்டவா?" என்றார் நஸீர் நானா மெதுவாக. "இவ்வளவு பேர் ஒருநாளும் பாத்ததில்ல."

போனை வாங்கிப் பார்த்தேன். கீபோர்ட் ராஜா எழுதியிருந்தான்: "தோட்டத்துல கருத்து இருக்கு. ஒத்துக்கிறேன். எனக்கும் ரெண்டு தகரம் போடுங்க."

சபதம் நிறைவேறிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். மண்டபம் சிரித்ததற்காக அல்ல, அதற்குள் எனக்குப் பழகிவிட்டது. இவர்களுக்குக் கருத்து இருக்கிறது என்று ஊரெல்லாம் சவால் விட்டவள், அந்தக் கருத்தில் ஒரு வரியைக்கூட வாசிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் செல்வி அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் காத்திருந்தார்கள்.

"லொறி எப்ப வருதாம் தங்கச்சி?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பதிஞ்சிருக்காங்க அக்கா," என்று சொன்னேன். சொன்ன பிறகு அதை உண்மையாக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தலைப்பை மாற்றி, நூற்றுப் பன்னிரண்டு பேரின் கருத்தையும் ஒவ்வொன்றாக வாசித்து, புதுப் பட்டியல் அடித்துக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். "நீங்க அந்த கேம் பிள்ளைதானே?" என்று வாசலிலேயே கேட்டார்கள். ஆமாம் என்றேன். மறுபடியும் போனேன். ஒவ்வொரு வாரமும் போனேன். அந்த நேரலைக் காட்சியைக் காட்டினால் யாரும் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள், சிரித்தவர்கள் என்னை உட்காரச் சொல்வார்கள். ஏழு மாதம் கழித்து லொறி வந்தது. கேட்டதில் பாதிதான் வந்தது, கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்த செல்வி அக்காவின் ஆறும் அதில் இருந்தன. கேம் சட்டம் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொஸ்லந்தைக்காரர். தேவாலயத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவர் பேனாவை எடுத்ததும், முதல் பெஞ்சிலிருந்து செல்வி அக்காவின் குரல் வந்தது: "தம்பி, மேல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சிட்டுப் போடுங்க."

பாதர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வாசிக்காமலே போட்டார். இப்போது வீட்டில் எனக்கும் அவருக்கும் எந்தச் சண்டை வந்தாலும், கடைசியில் அவர் சொல்வது இது ஒன்றுதான்: "நான் தகரத்துக்குன்னு நினைச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."