குள்ளனை விழுங்கிய கோழி

ஆட்டம் ஆரம்பித்த மூன்றாம் நாளே குள்ளனைக் கோழி விழுங்கிவிட்டது.

"என் கண்ணால பாத்தேன் மேஸ்திரி. லபக்குனு முழுங்கிடுச்சு" என்றாள் பொன்னி, வெற்றிலை எடுக்கச் சுருக்குப்பைக்குள் விரலை விட்டபடி. குள்ளன் அவளுடைய காய். "அப்ப எனக்கு இங்க இன்னா வேலை? இறால் பண்ணையில கூப்புடறாங்க, நான் போறேன்."

முருகையன் எழுந்துபோய் வாசலை மறித்துக்கொண்டார்.

அவர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாத்தியெல்லாம் ஏரியாகிவிடும். தையில் தண்ணீர் வடிகிறவரை உப்பும் இல்லை, வேலையும் இல்லை. அதற்குள் அவருடைய ஆட்கள் நாலு பேரும் இறால் பண்ணை, பாண்டிச்சேரி கட்டட வேலை என்று பிய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். தை பிறந்ததும் இவர் வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும். போன வருஷம் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "அடுத்த தையில மொத நாளே நாலு ஆளும் பாத்தியில எறங்கணும் முருகையா. இல்லேன்னா மேஸ்திரி வேலை பாவாடைக்கு."

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் பாவாடை அன்றிலிருந்தே மீசை வளர்க்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த வருஷ மழை தொடங்கிய நேரத்தில்தான் ஆரோவில் விடுதியில் அறை கூட்டும் அவர் மனைவி அம்சவள்ளி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். ஊருக்குப் போன வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே குகை வரைந்த ஒரு பெரிய அட்டை, வீரன், மந்திரவாதி, வில்லுக்காரி, குள்ளன் என்று நாலு பிளாஸ்டிக் காய்கள், ஒரு பூதம், இருபது முகம் வைத்த ஒரு தாயக்கட்டை, இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. அவருடைய ஆட்களில் ஒருவனான சாலமன் புத்தகத்தின்மேல் போனைக் காட்டினால் அது தமிழில் சொல்லிற்று. ஒருவர் பூதத்தின் பக்கம் இருந்து ஆட்டத்தை நடத்த வேண்டுமாம். நாலு பேர் குகைக்குள் போக வேண்டுமாம்.

நாலு ஆள், ஒரு மேஸ்திரி! ஆண்டவனே பார்த்து அனுப்பிய பெட்டி என்று முருகையன் பூரித்துப்போனார். தினம் மத்தியானம் டீயும் போண்டாவும் கொடுத்து, சாலமன், ரேணுகா, கலைமதி, பொன்னி நாலு பேரையும் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார். தை வரைக்கும் இவர்கள் அந்தக் குகையை விட்டு வெளியே வரக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

இப்போது கோழி வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது.

"இரு பொன்னி, அவசரப்படாத. உள்ள போனது வெளிய வராமலா பூடும்?"

கோழிமேல் கூடையைக் கவிழ்த்து இரண்டு நாள் எதிரிலேயே குந்தியிருந்தார். வர வேண்டியதெல்லாம் வந்தது, குள்ளன் வரவில்லை. பொன்னி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். அன்றைக்கே கோழி குழம்பாகிவிட்டது. இரைப்பையை அறுத்துப் பார்த்தால் நெல்லு, மணல், ஒரு சட்டைப் பொத்தான்.

"முட்டை போடற கோழிய அறுத்துட்டியேய்யா, நீ நல்லா இருப்பியா?" என்று அம்சவள்ளி கத்தினாள்.

"கரைஞ்சிருக்கும்."

"பிளாஸ்டிக்காய்யா கரையும்?"

பொன்னி இரண்டாம் தடவையும் குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டாள். கை கழுவிவிட்டு வந்து அவளே ஒரு வழி சொன்னாள்.

"ஒரு கல்லு உப்ப வெச்சு ஆடட்டா மேஸ்திரி? அதான் குள்ளன்னு நெனச்சிக்கலாம்."

முருகையனுக்கு உயிர் வந்தது. இருபத்தெட்டு வருஷம் உப்பிலேயே நின்ற மனுஷன், மழைக்கால ஈரத்தில் உப்பு என்ன கதியாகும் என்பதை அந்த நேரம் பார்த்துச் சுத்தமாக மறந்துபோனார். குள்ளனுக்கு முதல் நாள் வியர்த்தது. மறுநாள் பாதி ஆளானான். வெள்ளிக்கிழமை குகை வாசலில் குட்டையாகத் தேங்கிக் கிடந்தான். அட்டை ஊறிப்போய் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது, அதன்மேல் பூதம் நிற்கமாட்டேன் என்று மல்லாந்து விழுந்தது.

"குடுங்க, என் வூட்டு அடுப்பாண்ட வெச்சுக் காய வெச்சுத் தர்றேன்" என்று பொன்னி எடுத்துப் போனாள். மறுநாள் அவள் கொண்டுவந்தது ஒரு முழம் கரி.

"தூங்கிட்டேன் மேஸ்திரி."

ரேணுகாவும் கலைமதியும் எழுந்துவிட்டார்கள். சாலமன் கைலியை உதறிக் கட்டினான்.

"ஒக்காருங்கப்பா!" என்று முருகையன் அலறினார். "அட்டை எதுக்கு? நான் வாயால சொல்றேன். எங்க போறீங்க, இன்னா பண்றீங்கன்னு நீங்க சொல்லுங்க. தாயத்த உருட்டுங்க. அவ்ளோதான?"

கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். குகை எதையும் அவர் பார்த்ததில்லை. பெருமுக்கல் மலையைப் பார்த்திருக்கிறார், ஆகவே பூதத்தை அங்கே குடியேற்றினார். ராஜ்யம் என்றால் எப்படியிருக்கும் என்றும் தெரியாது. மலையடியில் நூறு பாத்தி உப்பளத்தைப் பூதத்தின் பெயருக்கு எழுதிவைத்தார்.

"பூதம் எதிர்ல நிக்குது. வெட்டறீங்களா?"

"வெட்டல" என்றாள் பொன்னி. "பேசறேன்."

"பூதத்துக்கிட்டயா?"

சாலமன் புத்தகத்தின்மேல் போனைக் காட்டினான். ஆடுகிறவர்கள் புதிதாக எதைக் கேட்டாலும் நடத்துகிறவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அது சொன்னது.

"சரி, பேசு."

"வெயில்ல நிக்கறோம் பூதமே. ஒதுங்க ஒரு கொட்டகை போட்டுக் குடு."

முருகையன் யோசிக்கவே இல்லை. "எங்கப்பன் காலத்துலருந்து எவனும் கேட்டதில்ல. இப்ப இன்னா புதுசா கொட்டகை?" என்று உறுமினார்.

நாலு பேரும் கைதட்டினார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கப்புறம் இறால் பண்ணைப் பேச்சே கிடையாது. கொட்டகை, குடிதண்ணீர், காலுக்கு பூட்ஸ் என்று தினமும் பூதத்தை மடக்கினார்கள். பூதம் தினமும் ஒரு சாக்கு சொல்லித் தப்பித்தது. மறுநாள் அதற்கு ஒரு பதிலோடு வந்து நின்றார்கள். கலைமதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "இன்னும் கறாரா சொல்லுங்க மேஸ்திரி" என்று சாலமன் ஏற்றிவிட்டான். மார்கழிக்குள் பூதத்திடம் சாக்கே தீர்ந்துபோயிற்று. அம்சவள்ளியிடம் ஒரு சாக்கு கடன் கேட்கப் போனார், அவள் இன்னும் கோழிக் கோபத்தில் இருந்தாள்.

தையில் வேலை தொடங்கும் நாள் வந்தது. விடியும்போதே நாலு பேரும் வரப்பில் நின்றார்கள். முதலாளி பைக்கில் வந்து தூரத்தில் வரப்பு முனையில் இறங்கினார். பாவாடை மீசையோடு வந்திருந்தான். முருகையன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம், எறங்குங்க" என்றார்.

ஒருத்தரும் இறங்கவில்லை.

"பங்குனி வெயிலுக்குள்ள ஒதுங்க ஒரு கொட்டகை வேணும் மேஸ்திரி" என்றாள் பொன்னி. "குடிக்கத் தண்ணி, காலுக்கு பூட்ஸு."

"எங்கப்பன் காலத்துலருந்து..." அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்கப்பன் காலத்துல இவ்ளோ வெயிலா அடிச்சுது?" என்றாள் ரேணுகா.

"மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

"பத்து மணிக்கு மயங்கி வுழற ஆளு உப்பு வாருவானா, நெழல்ல கொஞ்சம் குந்தி எழுந்த ஆளு வாருவானான்னு கேளுங்க" என்றான் சாலமன்.

"தண்ணிக்கு ரோட்டு வரைக்கும் நடந்தா ஆவாதா?"

"அந்த அரை மணி நேரம் யாரோட நேரம் மேஸ்திரி?" என்றாள் கலைமதி. நோட்டை அவள் பிரிக்கக்கூட இல்லை.

எல்லாமே பூதமாக இருந்து அவர் கேட்டுத் தோற்ற பதில்கள். பாவாடை மீசையை ஒரு தடவு தடவினான். முருகையன் முதலாளியை நோக்கி ஓடி, அத்தனை பதிலையும் மூச்சுவிடாமல் அவரிடம் ஒப்பித்தார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அது நன்றாக எடுபட்டது.

"சரி, போட்டுத் தொலைங்கய்யா கொட்டகைய" என்றார் முதலாளி. "தண்ணி டிரம்மும் பூட்ஸும் நாளைக்கு வரும். மொதல்ல எறங்கச் சொல்லு."

மூன்று பேர் இறங்கினார்கள். பொன்னி மட்டும் நின்று, சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொன்றையும் எடுத்து முருகையன் உள்ளங்கையில் வைத்தாள். கோடாலி தூக்கிய, தாடி வைத்த பிளாஸ்டிக் குள்ளன். மேலே ஒரு கீறல்கூட இல்லை.

"அட்டை இருந்த வரைக்கும் பூதத்த வெட்டத்தான் முடிஞ்சுது மேஸ்திரி, பேச முடியல. அதான் மொதல்ல உப்பு, அப்புறம் அடுப்பு" என்றாள். "பாவம், அந்தக் கோழி ஒண்ணுமே முழுங்கல."