கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, மெரூன் ஸ்கார்ஃப்

உடை விஷயத்தில் எனக்கு ரசனை உண்டு என்று நான் நம்பியது என் வாழ்நாளில் மொத்தம் ஐந்து வாரங்கள்தான். அதற்கு முன்னால் அப்படி ஓர் எண்ணம் எனக்குத் தோன்றியதில்லை. அதற்குப் பிறகு தோன்றவிட்டதில்லை. நடுவில் நடந்ததை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தைந்து வயது. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த நர்சரி பள்ளியில் நான்கு வருடம் யூகேஜி டீச்சராக இருந்தேன். பள்ளிக்குக் காட்டன் புடவை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குச் சுடிதார். சுடிதார் என்றால் சாதாரணச் சுடிதார் இல்லை. கை இரண்டும் பலூன் மாதிரி உப்பியிருக்கும், நெஞ்சில் சூரியகாந்தி பூத்திருக்கும். (அதைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோக்கள் இன்னும் இருக்கின்றன. எங்கே என்று சொல்ல மாட்டேன்.) பிள்ளைகள் மூக்கைத் துடைத்துக்கொள்ள என் முந்தானை வசதியாக இருந்தது. நானும் அதற்குமேல் ஒரு புடவையிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை.

அப்போதுதான் கோரமங்களாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ரிசப்ஷனில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள், கஞ்சி போட்டு மொறமொறவென்று இருந்த புடவையில் போனேன். ஏசி குளிரில் அது இன்னும் விறைத்துக்கொண்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு புடவை உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்து நாற்காலியில் நேஹா என்று ஒரு டெல்லிப் பெண். கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னதாக ஒரு ஸ்கார்ஃப். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்றைக்கு வீட்டில் ஏதாவது பூஜையா என்று அன்பாக விசாரித்தாள். இரண்டாம் நாளும் விசாரித்தாள். மூன்றாம் நாள் விசாரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அந்தச் சனிக்கிழமை அலமாரியைத் திறந்தேன். ஆவேசம் வந்தவள் மாதிரி எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிலில் போட்டேன். பதினோரு புடவைகள் அக்கா லில்லிக்கு. அதில் நீலப் பட்டு ஒன்றும் இருந்தது. சூரியகாந்திகள் மொத்தமும் சர்ச்சில் ஏழைகளுக்காக வைத்திருக்கும் பெட்டிக்கு. (இரண்டு வாரம் கழித்துப் போனபோதும் அவை பெட்டியிலேயே இருந்தன. ஏழைகளுக்கும் மானம் உண்டு.) அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு வேண்டும், இரண்டையாவது வைத்துக்கொள் என்றாள். பழைய ஸ்டெல்லா இனிமேல் கிடையாது என்று நான் அறிவித்தேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது தையல். மார்க்கெட் பக்கத்தில் பாஷா பாய் என்று ஒரு டைலர். அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அவர்தான் சீருடை தைப்பார். நேஹா கொடுத்த பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

“டென்ஷன் நக்கோ அம்மா, கவலையே வேணாம். யூனிஃபார்ம் தைக்கிற கை இது. அளவு தப்பாது” என்றார்.

அந்த வாக்கியத்தில் எனக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. நான் ‘அளவு தப்பாது’ என்பதை மட்டும் கேட்டுக்கொண்டேன். உண்மையிலேயே தப்பவில்லை. ஒரே மாதிரி மூன்று செட் தைத்துக் கொடுத்தார். கழுத்துக்கு மெரூன் நிறத்தில் ஸ்கார்ஃப். படம் இங்கேயே இருக்கட்டும், நன்றாக இருக்கிறது என்று சுவரில் ஒட்டிக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன்பிறகு நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பஸ்ஸில் கண்டக்டர் முதல் தடவையாக மேடம் என்றார். நான் அந்த ‘மேடம்’ முடியும்வரை காத்திருந்து மெதுவாகத் திரும்பிப் பார்த்து டிக்கெட் வாங்கினேன். நேஹா என் தோளைத் தட்டி, இப்போதுதான் நீ நீயாக இருக்கிறாய் என்றாள். மாசக்கணக்காகப் பழகியவள் மாதிரி சொன்னாள். நானும் நம்பினேன்.

இந்த நிலையில்தான் சித்தி மகள் பிரேமாவின் கல்யாண வரவேற்பு வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் சர்ச் ஹாலில். அம்மா அதற்குள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் ஜெயசீலன் என்பவரின் போட்டோ வீட்டுக்கு வந்திருந்தது. அவரும் அவர் அம்மாவும் வரவேற்புக்கு வருவார்கள், போட்டோவில்கூடப் பார்த்திராத என்னைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்ப்பார்கள், யாருக்கும் சங்கடம் இல்லை என்று ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு முறை என்னைப் பெண் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்றுவரை சொல்லவில்லை. அதனால் எனக்கு இதில் அக்கறையே இல்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையில் அந்தப் போட்டோவை நான் நாலு நாளில் பதினைந்து தடவை எடுத்துப் பார்த்திருந்தேன். நல்ல கண்.

அக்கா பெரிய மனசு பண்ணி, நீலப் பட்டை எனக்கு இரவல் தருவதாகச் சொல்லி அனுப்பினாள். என் புடவையை எனக்கே! வேண்டாம் என்றேன். பார்க்க வருகிறவர்கள் என்னை நானாகவே பார்க்கட்டும் என்று அம்மாவிடம் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன்.

அன்றைக்கு ஆபீஸ் இருந்தது. கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, ஸ்கார்ஃபோடு நேராக ஹாலுக்குப் போனேன். முன்வாசலில் பேண்டு வாத்தியமும் கூட்டமுமாக இருந்ததால் பக்கத்துக் கேட் வழியாக நுழைந்தேன். அது சமையல் பகுதிக்குப் போகும் வழி. டை கட்டிய ஓர் ஆள் என்னைக் கண்டதும் வேகமாக வந்தார்.

“ஏனம்மா, இஷ்டு லேட்டா?” என்று கன்னடத்தில் கடிந்துகொண்டே, பன்னிரண்டு கப் தக்காளி சூப் இருந்த ஒரு தட்டை என் இரண்டு கையிலும் வைத்தார். நாலாவது டேபிளுக்குப் போ என்று கையைக் காட்டிவிட்டு மறைந்தார்.

தட்டைக் கீழே வைக்கலாம் என்றால் இடம் இல்லை. அவரைக் கூப்பிட்டு விளக்கலாம் என்றால் ஆள் இல்லை. சுற்றிப் பார்த்தேன். எட்டுப் பெண்கள் பம்பரமாய்ச் சுழன்றுகொண்டிருந்தார்கள். எட்டுப் பேரும் கறுப்புப் பேன்ட். எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டை. எட்டுக் கழுத்திலும் மெரூன் ஸ்கார்ஃப். ஒரு கணம் எனக்குத் தலை சுற்றுகிறதோ என்று சந்தேகம் வந்தது.

பக்கத்தில் தண்ணீர் ஜக்கோடு போன பெண், நான் அவள் ஸ்கார்ஃபை வெறிப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

“புதுசுக்கா. டைலர் கடைல ஒரு படம் ஒட்டி வச்சிருந்தாங்களாம். எங்க ஓனருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு” என்றாள்.

நேஹா கண்டுபிடித்துக் கொடுத்த என்னுடைய ‘நான்’, மொத்த ஆர்டரில் தைக்கப்பட்டிருந்தது.

சூப் ஆறுவதற்குள் எங்காவது வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஹாலுக்குள் போனேன். முதலில் கண்ணில் பட்ட மேஜைக்குப் போய்த் தட்டை இறக்கப் பார்த்தேன். அங்கே கடுகு நிறப் பட்டில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கோட் போட்டுக்கொண்டு, போட்டோவில் பதினைந்து தடவை பார்த்த அதே கண்.

அந்த நேரத்தில் நான்தான் ஸ்டெல்லா என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நாக்கு எழவில்லை. கை மட்டும் வேலை செய்தது. ஒவ்வொரு கப்பாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் நல்லவர். நிற்கிறாயே, கால் வலிக்காதா, சாப்பிட்டாயா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இங்கே ஒரு பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறோம், ஆபீஸில் வேலையாம், இப்போது ரொம்ப ஸ்டைலாக மாறிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள், நமக்குச் சரிப்படுமா என்று பயமாக இருக்கிறது என்றார்.

“ஸ்டெல்லான்னு பேரு. உனக்குத் தெரியுமா கண்ணு?”

“தெரியும் ஆன்ட்டி” என்றேன். அது பொய் இல்லை.

“எப்படிப்பட்ட பொண்ணு?”

இப்படி ஒரு வாய்ப்பு எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்? “ரொம்ப நல்ல பொண்ணு ஆன்ட்டி. பொறுமைசாலி. எந்த வேலைய எடுத்தாலும் நிதானமா செய்வா.”

ஜெயசீலன் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போட்டோவில் இருந்ததைவிட நல்ல கண். என் கையிலிருந்த சூப் கப் நிதானமாகச் சாய்ந்து, அவர் கோட்டின் இடது பக்கம் முழுவதும் இறங்கியது.

அவர் பதறி எழுந்து கோட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த வெள்ளைச் சட்டையில் காலரும் முன்பக்கமும் கத்தி மாதிரி மடிப்பு. முதுகும் கையும் இஸ்திரிப் பெட்டியையே பார்க்காதவை, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தன.

“என்னடா ஜெயா இது, முதுகை அயன் பண்ணலையா?” என்றார் அவர் அம்மா.

“கோட்டைக் கழட்டுவேன்னு தெரியாதும்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் அது மூக்கு வழியாக ஒரு சத்தமாக வெளியேறியது. அவரும் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவும் அக்காவும் முகத்தில் தயாரித்த புன்னகையோடு அந்த மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா என் நீலப் பட்டில் ஜொலித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பின்னால் அதே உடையில் போய்க்கொண்டிருந்த மூன்று பேரைப் பார்த்தாள்.

“இது... எங்க சின்னப் பொண்ணு. ஸ்டெல்லா” என்றாள்.

அதே நேரத்தில் டை கட்டியவர் தூரத்திலிருந்து, நாலாவது டேபிள் முடிந்ததா, ஐஸ்கிரீம் எடு என்று கத்தினார். நான் திரும்பி, “ஆயித்து சார்” என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. வேலையில் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, விசுவாசம் வந்துவிட்டது.

கடுகுப் பட்டு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ, ரொம்ப நல்ல பொண்ணுன்னு சொன்னியே, அது?”

“நான்தான் ஆன்ட்டி.”

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். ஜெயசீலன் ஈரக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “நிதானம்னு சொன்னதுதான் கொஞ்சம் இடிக்குது” என்றார். நான் தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து அழலாமா சிரிக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் சாப்பிடு, மற்றதை அப்புறம் பேசலாம் என்று தன் தட்டிலிருந்து ஒரு கட்லெட்டை எனக்கு எடுத்து வைத்தார்.

கோட்டைச் சலவைக்குக் கொடுத்துத் திருப்பித் தருவது என் பொறுப்பாயிற்று. அதை வாங்க ஜெயசீலன் ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். (கோட் முதல் வாரமே தயாராக இருந்தது. அவர் மறந்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.) திங்கட்கிழமை பாஷா பாயிடம் சண்டை போடப் போனேன். அவ்வளவு அழகான துணியை ஒரே ஒரு ஆள் போட்டால் வீண் இல்லையா அம்மா என்று கேட்டார். அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் கெஞ்சி நாலு புடவைகளைத் திரும்ப வாங்கினேன். நீலப் பட்டை அவள் தரவேயில்லை. எட்டு மாதத்தில் எங்கள் கல்யாணம்.

அன்றிலிருந்து என் மாமியார் சொந்தக்காரர்களிடம் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்கிறார்: “ஒரு கல்யாணத்துல சூப் ஊத்த வந்த பொண்ணு. நல்லா இருந்தா, அப்படியே கூட்டிட்டு வந்துட்டோம்.” விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்கள் நம்பிவிடுவார்கள்.

எங்கள் மகளின் ஞானஸ்நானத்துக்கு வேலூரிலிருந்து ஜெயசீலனின் பெரியப்பா ஒருவர் வந்திருந்தார். நான் புதுச் சுடிதாரில், இடுப்பில் குழந்தையோடு விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பேத்திக்குத் தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறோம், முப்பது பேருக்கு மட்டும் ஒரு விருந்து, நீ வந்து செய்து கொடுப்பாயா என்று மரியாதையாகக் கேட்டார்.

மாமியார் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க பெரியப்பா” என்றேன். “அம்பது பேருக்குக் கம்மியா இருந்தா நாங்க எடுக்கிறதில்ல.”