ஒற்று ஐயாவுக்கு ஓர் அடையாள அட்டை

யுத்த காலத்துக் கொழும்பில் தேசிய அடையாள அட்டையை ஆசையோடு பார்த்த ஒரே தமிழர் எங்கள் ஒற்று ஐயாதான். எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். மற்றத் தமிழர்கள் எல்லோரும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நடந்து திரிந்தோம். அவர் மட்டும், யாராவது அட்டையை வெளியே எடுத்தால், கலியாண வீட்டில் அடுத்த பந்திக்கு நிற்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

கொட்டாஞ்சேனையில் ஹாஜியாரின் அச்சகத்தில் நான் அச்சுக்கோப்பவன். அவர் புரூஃப் பார்ப்பவர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் ஒதுங்கியிருந்தேன். தினமும் மட்டக்குளி பஸ்ஸில் வேலைக்குப் போவேன். வழியில் மூன்று இராணுவச் சென்றியில் இறங்கி, அட்டையைக் காட்டி, திரும்ப ஏற வேண்டும். ஐயாவோ திருநெல்வேலிப் பக்கத்தவர். வாலிபத்தில், "ஆறு மாசம் இருந்து பாக்கேன்" என்று கப்பலேறி வந்தவர், முப்பது வருடம் இருந்து பார்த்துவிட்டார். அச்சகத்துக்கு மேலே ஓர் அறை, இரண்டு வேட்டி, ஒரு சிவப்புப் பேனை, ஓர் இந்தியப் பாஸ்போட். அவ்வளவுதான் அவருடைய சொத்து.

சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு சொல்லுக்கு நடுவில் வரவேண்டிய க், ச், த், ப் எங்காவது விழுந்துபோயிருந்தால் மேலே இருந்து ஒரு சத்தம் வரும்: "ஏல, ஒத்து எங்கல?" ஒற்றெழுத்தை அவர் வாய் 'ஒத்து' என்றுதான் சொல்லும். அதனால் எழுத்தில் அவர் ஒற்று ஐயா, பேச்சில் ஒத்து ஐயா. ஹாஜியாரின் வரவுப் புத்தகத்திலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

ஒருமுறை ஒரு மணப்பெண்ணின் தகப்பனார் அழைப்பிதழ் அடிக்க வந்தார். 'கேட்டு கொள்கிறோம்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். ஐயா மெஷினை நிறுத்திவிட்டார்.

"யாரக் கேட்டுய்யா, என்னத்தக் கொள்ளப் போறிய?"

"ஐயா, வாற கிழமை கலியாணம். சனம் சாப்பிட வருதே ஒழிய ஒற்றுப் பார்க்க வரேல்லை."

"ஒத்து இல்லைன்னா சொல்லே ஒட்டாதுய்யா. பொண்ணும் மாப்பிள்ளையும் எப்பிடி ஒட்டும்?"

தகப்பனாரின் முகம் வெளிறிவிட்டது. "போடுங்கோ ஐயா, போடுங்கோ. வேணுமெண்டா ரெண்டாப் போடுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம் என்னுடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்பக்கத்தை வாசித்தார். தலையாட்டினார். பின்பக்கத்தைத் திருப்பியதும் முகம் மாறிவிட்டது.

"என்னல அநியாயம் இது! பொறந்த எடம் 'யாழ்பாணம்'னு போட்டிருக்கான். ப் எங்கல?"

"ஐயா, அந்த ஊரே அதில இல்லாட்டி எனக்கு இன்னும் நல்லம். அதைப் பார்த்துத்தான் என்னை ஒவ்வொரு சென்றியிலயும் மறிக்கிறாங்கள். நீங்கள் ஒற்றைத் தேடுறியள்!"

"அதுக்காவ? உன்னப் புடிக்கிறவன் சரியான எழுத்தப் பாத்துப் புடிக்கட்டும்."

எங்களைப் பாடாய்ப் படுத்திய அந்த அட்டைமேல் அவருக்கு ஏன் அவ்வளவு ஆசை என்றால், காரணம் இருந்தது. சென்றியில் "அய்.டி.?" என்று கேட்பார்கள். இவர் பாஸ்போட்டை நீட்டுவார். காவலுக்கு நிற்கும் பையன் அதை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு இன்னொருவனைக் கூப்பிடுவான். அவன் பெரியவரைக் கூப்பிடுவான். அரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். "முப்பது வருசமா இந்த ஊருச் சோத்தத் திங்கேன். எனக்கு ஓர் அட்டை குடுக்கக் கூடாதா?" என்று பொருமுவார். கோபத்திலும் 'ஓர் அட்டை' என்றுதான் சொல்வார், 'ஒரு அட்டை' என்று வாய் தவறியும் வராது.

கடைசியில் கிராம சேவகரிடம் போனார். கொட்டாஞ்சேனையில் கிராமம் எங்கே என்று கேட்காதீர்கள், பதவியின் பெயர் அது. கிராம சேவகர் நல்ல மனிதர், சிங்களவர், தமிழும் கதைப்பார். "ஐயா, அட்டை இந்த நாட்டுப் பிரஜைக்குத்தான். ஐயா விசாக்காரர். ஐயாவுக்குப் பாஸ்போட்தான் அய்.டி." என்று பொறுமையாகச் சொன்னார்.

"சரி, அந்த ஃபாரத்தையாவது காட்டுங்க. பாத்துட்டுத் தாரேன்" என்று ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த நாள் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நிரப்பியிருக்கவில்லை, திருத்தியிருந்தார். "பதினேழு பிழை. எல்லாம் ஓரத்துல போட்டிருக்கேன். அடுத்த தடவ அடிக்கும்போது பாத்து அடிக்கச் சொல்லுங்க."

கிராம சேவகர் பாவம், அது விண்ணப்பம் என்று நினைத்து, "இது பழுதாய்ப் போச்சு ஐயா" என்று புதிதாக ஒன்று கொடுத்தார். அதுவும் சிவப்பாகத் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் ஐயா படியேறும்போதே மனிதர் மேசை லாச்சியைப் பூட்டிவிட்டார்.

அந்த வருடம் விசா நீடிக்கப் பாஸ்போட்டைக் கொடுக்கவேண்டி வந்தது. அது திரும்பி வரும்வரை வைத்துக்கொள்ளப் பெயர் எழுதி ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். ஐயா அதை வாசித்துவிட்டு அங்கேயே திருப்பி நீட்டினாராம்: "இது நான் இல்ல." அவருடைய பெயர் ன் என்று முடிகிற பெயர். எங்கள் நாட்டில் அதே பெயரை ம் போட்டு முடிப்பதுதான் வழக்கம். எழுதியவர் கைப்பழக்கத்தில் ம் போட்டுவிட்டார். "ரெண்டும் ஒண்டுதானே" என்று அவர் சொல்ல, "ஒண்ணுன்னா எதுக்குய்யா ரெண்டு எழுத்து?" என்று இவர் கேட்க, பின்னால் வரிசையில் நின்றவர்கள்தான் துண்டைக் கையில் திணித்து, இவரைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அச்சகத்துக்கு வந்து, "பேரக் கெடுத்துட்டான், பேரக் கெடுத்துட்டான்" என்று நாள் முழுக்கப் புலம்பினார். என்ன பெயர் என்று மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை காலையில் எங்கள் ஒழுங்கையை இரண்டு முனையிலும் மறித்துப் பொலிஸ் சுற்றிவளைப்பு. அச்சக வாசலில் வைத்து ஐயாவிடம் துண்டைக் கேட்டார்கள். கொடுத்தார். "சுப்பிரமணியம்?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றார். இன்னொருமுறை, உரக்க, "சுப்பிரமணியம்?" என்று கேட்டார்கள். "இல்லைன்னு சொல்லுதேம்லா!" என்று இவரும் உரக்கச் சொன்னார். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பஸ்ஸால் இறங்கி வரும்போது ஹாஜியார் வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க தம்பி, பொலிசுக்குப் போவோம். இந்த மனிசன உட்டா உள்ளுக்கே ஈந்து அவங்கட புத்தகத்தயும் திருத்திப் போடுவாரு."

பொலிஸ் நிலையத்தில் ஹாஜியார் வாசல்காரனிடம் கதைத்துக்கொண்டு நிற்க, நான் ஒரு முந்திரிக்கொட்டை மாதிரி உள்ளே போனேன். ஐயா சுவரோர வாங்குப் பலகையில் இருந்தார். இன்ஸ்பெக்டரின் மேசையில் அவருடைய பையிலிருந்து எடுத்த புரூஃப் கிடந்தது. கோயில் திருவிழா நோட்டீஸ். 'இரவு எட்டு மணிக்கு வாணவேடிக்கை' என்ற இடத்தில் நான் 'வான' என்று கோத்திருந்தேன். அதைச் சுற்றி ஐயா பெரிய சிவப்பு வட்டம் போட்டு, ஓரம்வரை கோடும் இழுத்து, வாலும் கொம்புமாக ஏதோ குறியும் வைத்திருந்தார். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நேரம், இடம், வெடி என்று ஒன்றும் விடாமல் சொன்னான்.

"மே கவுத?" இவர் யார் என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் மிச்சச் சல்லி வாங்கப் போதுமான சிங்களம். அதை எல்லாம் ஒன்று திரட்டி, அன்போடு சொன்னேன்: "மே அபே ஒத்து ஐயா, சேர்!"

கான்ஸ்டபிள் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டான். சிங்களத்தில் 'ஒத்து' என்றால் உளவு. 'ஐயா' என்றால் அண்ணன். பொலிஸ் நிலையத்துக்குள் தானாக நடந்து வந்து, "இவர்தான் சேர் எங்களுடைய உளவுக்கார அண்ணன்" என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று என்னுடைய அய்.டி.யைக் கேட்டார். கொடுத்தேன். பின்பக்கத்தைப் பார்த்தார். ப் இல்லாவிட்டாலும் ஊர் விளங்கிவிட்டது. என்னையும் வாங்கில் இருத்தினார்கள்.

ஹாஜியார் ஓடி வந்தார். "என்ன வாப்பா செஞ்சி வெச்சீங்க!" என்று என்னைத் திட்டிவிட்டு, நல்ல சிங்களத்தில் இன்ஸ்பெக்டருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். தமிழில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒத்து என்று ஒன்று உண்டு, இவர் அதைத் தேடுகிறவர், இவர் எங்கள் புரூஃப் பார்க்கிற ஆள் என்றார். "எனக்கும் புரூஃப்தான் ஹாஜியார் வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "இவருடைய பெயர் என்ன?" ஹாஜியார் கையை விரித்தார். "முப்பது வருசம் என்னோட ஈக்கிறாரு சேர். பேர் மட்டும் தெரியா."

இன்ஸ்பெக்டர் களைத்துப்போன மனிதர், கெட்டவர் அல்ல. துண்டைத் தூக்கிக் காட்டினார். கான்ஸ்டபிள் தமிழில் சொன்னான்: "இதில இருக்கிற சுப்பிரமணியம் நான்தான் எண்டு பெரியவர் சொன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். இல்லையெண்டா ரெண்டு பேரையும் விசாரணைக்குப் பெரிய இடத்துக்கு அனுப்பவேணும்."

பெரிய இடத்துக்குப் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று அந்தக் காலத்தில் யாராலும் சொல்ல முடியாது. சிலர் வரவே இல்லை.

"ஐயா, ஒரே ஒரு எழுத்து!" ஹாஜியார் கெஞ்சினார். "அந்த ம்ம முழுங்கிட்டு ஓம் என்டு செல்லுங்களே!"

"ஹாஜியார், இத்தன வருசத்துல ஒரு பிழையப் பாத்துச் சரின்னு விட்டிருக்கேனா? உங்க மேல சத்தியமாச் சொல்லுங்க."

"அல்லாவே!" என்று ஹாஜியார் சுவரில் சாய்ந்தார்.

"சொல்லுங்கோ ஐயா" என்று நான் சொல்ல நினைத்தேன். அவர் கையைத்தான் பிடித்தேன். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"ஆமா சார். சுப்பிரமணியம். நாந்தான். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

புத்தகத்தில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். புள்ளியோடு, வடிவான கையெழுத்தில், ம் என்றே எழுதினார். அந்தப் பெயரிலேயே, 'அச்சகத்தில் வேலை செய்யும் வெளிநாட்டவர், எங்களுக்குத் தெரிந்தவர்' என்று ஒரு கடிதமும், படம் ஒட்டி முத்திரை குத்தி, இன்ஸ்பெக்டர் தயவில் கிடைத்தது. ஹாஜியார் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார். சென்றிகளில் அது நன்றாகவே ஓடியது.

அன்று திரும்பி வரும்போது சந்திவரை ஐயா எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார்.

"என்னில கோவமோ ஐயா?"

"கோவம் இல்லாம? என்ன ஒத்துக்காரன்னு காட்டிக் குடுத்த பயதானல நீ."

"அப்ப ஏன் ஐயா ஓம் எண்டு சொன்னியள்?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். ஒரு எழுத்துதானல, போனாப் போவுது."

ஒற்று ஐயாவின் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததாக நான் சொன்னபோது அச்சகத்தில் யாரும் நம்பவில்லை. ஹாஜியார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ம்மை அவர் பிறகு மாற்றவே இல்லை. மாற்றப் போனால் பழைய விசாரணையைத் திரும்பக் கிளறுவார்கள், என்னையும் கூப்பிடுவார்கள் என்று ஹாஜியாரிடம் சொன்னாராம். விசா, கடிதம், கடைசியில் கொழும்பிலேயே கண்ணை மூடியபோது மரணப் பத்திரம், எல்லாவற்றிலும் வேறு ஒருவரின் பெயரோடு போய்ச் சேர்ந்தார். நான் அவருக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

இந்தப் பத்திரிகையில் புரூஃப் பார்க்கும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அவர் பெயர் சுப்பிரமணியன். தயவுசெய்து அந்தக் கடைசி எழுத்தில் கைவைத்துவிடாதீர்கள், அதை அவர் எனக்காகக் கொடுத்தவர்.