ஒரு கால் குறைகிறது

அடையாள அட்டை அலுவலகத்தின் ஏழாம் எண் அறையில் ஆறு வருடங்களாகப் படம் எடுத்துவந்த போட்டோக்காரருக்குக் கை நடுங்கும். கேமரா சோப்புக்கட்டி அளவுதான். கையோடு சேர்ந்து அதுவும் நடுங்கும். ஆகவே அந்த வட்டாரத்துக் குடிமக்கள் அனைவரும் அட்டையில் சற்றுக் கலங்கிய முகத்துடனேயே வாழ்ந்துவந்தார்கள். அரசாங்கத்தின் கண்ணுக்குத் தாங்கள் இப்படித்தான் தெரிகிறோம் போலும் என்று நினைத்து யாரும் வாய் திறக்கவில்லை.

கண்காணிப்பாளரின் மாமியாருக்கு அட்டையில் இரண்டு மூக்கு விழுந்த பிறகுதான் விஷயம் நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. அன்று மாலையே குறிப்பாணை பிறந்தது: ‘இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற முப்பது நாட்களுக்குள் தாங்கள் கை நடுக்கத்தை நிறுத்திக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள். தவறினால் தங்களது தற்காலிகப் பணி முடிவுக்குக் கொண்டுவரப்படும்.’

படித்து முடித்தபோது நடுக்கம் இரட்டிப்பாகியிருந்தது.

வீட்டில் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். “ஏங்க, கையத்தான் நிறுத்த முடியாது. கேமராவ நிறுத்தலாமில்ல? ஒரு டிரைபாட் வாங்குங்க. சோப்புக்கட்டிக்கு என்ன சிம்மாசனமா வேணும்? மலிவா ஒண்ணு போதும்.”

மறுநாள் அவர் கண்காணிப்பாளரிடம் போனார். “நானே வாங்கிக்கிறேன் சார்.”

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அலுவலகக் கேமரா உங்க வீட்டுக் கால்ல நிக்கலாமா? நாளைக்கு நீங்க காலைத் தூக்கிட்டுப் போயிட்டா அரசாங்கம் எதுல நிக்கும்?”

உடனே மூவர் கொண்ட தேர்வுக்குழு அமைந்தது. ஒருவர் கண்காணிப்பாளர். இன்னொருவர் ஸ்டோர்கீப்பர். மூன்றாமவர் வெளி வல்லுநர். அதாவது கண்காணிப்பாளரின் மைத்துனர். கேமராக்களைப் பற்றி நானூறு வீடியோ பார்த்தவர். கேமராதான் இன்னும் வாங்கவில்லை.

“இப்ப எல்லாரும் கார்பன் ஃபைபருக்குப் போயாச்சு,” என்றார் மைத்துனர். “எட்டு கிலோ தாங்கும். புயல்ல கூட அசையாது.”

“ரூமுக்குள்ள ஏதுங்க புயல்?”

“உங்க கேமரா என்ன வெயிட்?”

“இருநூறு கிராம்.”

“இன்னிக்கு இருநூறு. நாளைக்கு?”

போட்டோக்காரருக்குத் தெரிந்து எந்தக் கேமராவும் வளர்ந்ததில்லை. இருந்தாலும் கடைகடையாக ஏறி விசாரித்ததைப் பணிவாகச் சொன்னார். “மெல்லிசான அலுமினியக் கால் போதும் சார். நடுவுல ஒரு கொக்கி இருக்கணும். அதுல தண்ணி பாட்டில மாட்டிட்டா கனம் வந்துடும், ஆடாது. தலை மட்டும் இறுக்கமா இருக்கணும். லொடலொடன்னு இருந்தா கேமரா கும்பிடு போடும்.”

“தண்ணி பாட்டிலா?” மைத்துனர் முகத்தைச் சுளித்தார். “பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை ஆராய்வதில் பதினெட்டு நாள் போயிற்று. கார்பன் காலுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். மேலிடம் அனுமதி தருமுன் கேள்வி கேட்கும். கேள்வி என்றால் கண்காணிப்பாளருக்கு ஆகாது. ஆகவே மலிவான டிரைபாட் கொள்கையளவில் ஏற்கப்பட்டு, இருபத்திரண்டாம் நாள் வந்து சேர்ந்தது.

ஸ்டோர்கீப்பர் அதை விரித்து நிறுத்தி, பதிவேட்டைத் திறந்து, விரலால் எண்ணினார். “ஒரு கால் குறையுதே.”

“அதுக்கு மூணுதான் சார்,” என்றார் போட்டோக்காரர்.

“நிக்கிற சாமான்னா நாலு கால். இதோ, அச்சடிச்சே வந்திருக்கு. மேஜை நாலு, நாற்காலி நாலு, பீரோ நாலு. இதுக்கு மட்டும் என்ன சலுகை?”

“மூணு கால்தான் சார் எந்தத் தரையிலயும் ஆடாம நிக்கும். நாலுன்னா ஒண்ணு தூக்கிக்கும். உங்க மேஜையே ஆடுதே!”

ஸ்டோர்கீப்பர் தம் மேஜைக் காலுக்கு அடியில் மடித்துச் சொருகியிருந்த சுற்றறிக்கையை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். “ஆடினாலும் அது முழுசா இருக்கு.”

‘ஒரு கால் இழந்த நிலையில் பெறப்பட்டது, பழுதுபார்த்த பின் வழங்கலாம்’ என்று பதிவாயிற்று. தச்சர் வந்தார். இருபத்தாறாம் நாள், அலுமினியத்தில் மூன்றும் மரத்தில் ஒன்றுமாக நான்கு காலில் டிரைபாட் ஏழாம் எண் அறைக்குள் நுழைந்தது. வராந்தாவில் யாராவது தும்மினால் அது ஆடியது. இரண்டு மூக்கு மூன்றாயிற்று.

வேலை போக இன்னும் இரண்டே நாள். இருபத்தெட்டாம் நாள் காலை போட்டோக்காரர் வீட்டிலிருந்து திருப்புளி கொண்டுவந்தார். மரக்காலைக் கழற்றித் திரைக்குப் பின்னால் சாய்த்தார். கொக்கியில் தண்ணீர் பாட்டிலை மாட்டினார். டிரைபாட் சுவரைப் போல நின்றது.

முதலில் உட்கார்ந்தவர் ஒரு தையல்கார அம்மாள். அட்டை கையில் வந்ததும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, என் புருவத்து மச்சம் கூடத் தெரியுது! இது நான்தானா?”

இரண்டு நாளில் அறுபது பேருக்கு முகம் கிடைத்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாகப் போட்டோக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

முப்பதாம் நாள் காலை அந்த அறுபது பேரும் வாசலில் நின்றார்கள். தையல்கார அம்மாள்தான் முன்னால். “பேங்க்ல போலி அட்டைன்னு தொரத்திட்டாங்க அண்ணே. அரசாங்க அட்டையில எந்தக் காலத்துல மூஞ்சி தெரிஞ்சிருக்குன்னு கேக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல? மச்சமெல்லாம் எனக்கு வேணாம். பழையபடி ஆட்டி எடுத்துக் குடுங்க.”

“எங்களுக்கும்!” என்றது வரிசை.

“லேசா கலங்கின போட்டோதான் இப்ப ட்ரெண்ட்,” என்று மைத்துனர் வல்லுநர் கருத்து வழங்கினார்.

டிரைபாட் அந்த நிமிடமே ஸ்டோருக்குத் திரும்பியது. ஸ்டோர்கீப்பர் அதில் தம் குடையை மாட்டினார். அது அசையவே இல்லை.

போட்டோக்காரர் கேமராவைக் கையில் எடுத்தார். கை நடுங்கவில்லை. நிம்மதியான தூக்கம் செய்த வேலை அது. முன்னால் நின்ற தையல்கார அம்மாளை ஒரு படம் எடுத்தார். மச்சம் பளிச்சென்று விழுந்தது. வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தார், படத்தில் வெறும் சுவர்தான் விழுந்தது. வரிசை முணுமுணுத்தது.

கண்காணிப்பாளர் அங்கேயே உட்கார்ந்து எழுதி, கையெழுத்திட்டு நீட்டினார்: ‘இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற உடனே தாங்கள் கை நடுக்கத்தை மீண்டும் தொடங்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள். தவறினால் தங்களது தற்காலிகப் பணி…’

அதற்கு மேல் போட்டோக்காரரால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் ஆடின. தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

அறுபது பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். தையல்கார அம்மாள் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டார்.

“அப்படியே எடுங்க அண்ணே. கைய மட்டும் நிறுத்திடாதீங்க.”