சுங்கான் பிடித்த கரடியும் நிழல் பார்த்து நின்ற ஜனங்களும்

ஒரு காட்டில் கரியாண்டி என்று ஒரு கரடி, சுங்கான் பிடித்துக்கொண்டு வாழ்ந்துவந்தது. கரடியின் வாய்க்குச் சுங்கான் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கதையில் கரடி பேசினால் ஒப்புக்கொள்கிறவர்கள், புகை விட்டால் மட்டும் சாட்சி கேட்கிறார்கள். சரி, சொல்லிவிடுகிறேன். மலையேற வந்த ஒரு கனவான் கரடியைக் கண்டதும் வாயிலிருந்த சுங்கானையும் தோளிலிருந்த புகையிலைப் பையையும் போட்டுவிட்டு, ஏறிவந்ததைவிட நல்ல வேகத்தில் இறங்கிப் போய்விட்டார். பை தீர்ந்த பிறகு, அடிவாரத்துப் புகையிலைத் தோட்டத்து வேலியோரம் உதிர்ந்து காய்ந்த இலை கிடைத்தது. நெருப்புக்கு, சுள்ளி பொறுக்க வருகிறவர்கள் அணைக்காமல் விட்டுப்போகிற அடுப்பு இருந்தது.

சுங்கான் வருவதற்கு முன்னால் கரியாண்டியின் பக்கத்தில் யாரும் வந்ததில்லை. நல்ல மனசுதான். ஆனால் நகத்தைப் பார்க்கிற யாரும் மனசு வரைக்கும் போய்ப் பார்க்கக் காத்திருப்பதில்லை. வழியில் எதிர்ப்பட்டு 'சௌக்கியமா?' என்று கேட்டால், கேட்கப்பட்டவர் மரத்தின் மேல் இருந்தார். மரம் ஏறத் தெரியாதவர்கள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் ஆனால் கரடி தன்னந்தனியாக ஒரு பெரிய நாங்கு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

சுங்கான் வந்த புதிதில், ஒரு முள்ளம்பன்றி மாமியார் தொல்லை தாங்காமல் செத்தாலும் பரவாயில்லை என்று அந்த மரத்தடிக்கு வந்து புலம்பத் தொடங்கியது. கரடி அப்போதுதான் பற்றவைத்துக்கொண்டிருந்தது. சுங்கான் பிடிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையை அடைக்க வேண்டும், கட்டைவிரலால் அமுக்க வேண்டும், பற்றவைத்தால் அணையும், குச்சியால் குத்தி மறுபடி அமுக்கி மறுபடி பற்றவைக்க வேண்டும். பீடி குடிக்கிறவன் அந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இதற்கு நடுவில் வாயைத் திறந்தால் அணைந்துவிடும் என்பதால் கரடி ஒன்றும் சொல்லவில்லை. புகையின் வழியாக வானத்தைப் பார்த்து, 'ம்' என்றது. முள்ளம்பன்றி பேசிப் பேசி, மாமியாருக்குத் தனி வளை தோண்டிக் கொடுத்துவிட்டால் போதுமே என்று தானாகவே கண்டுபிடித்து, கரடியின் காலில் விழுந்து வணங்கிவிட்டுப் போனது.

அதிலிருந்து சாயங்காலமானால் நாங்கு மரத்தடியில் வரிசை நிற்கும். காட்டெருமை முதல் கீரி வரை வந்தார்கள். தேனடை, இலுப்பைப்பூ என்று எதையாவது கொண்டுவந்து வைத்தார்கள். கரடிக்குத் தெரிந்ததெல்லாம் தேனும் தூக்கமும்தான் என்பது கரடிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நாலு பேர் பக்கத்தில் வந்து உட்காருகிறார்களே, அந்தச் சந்தோஷத்தில் அது வாயைத் திறக்கவில்லை.

அந்த மரத்தின் மேலே ஒரு பொந்தில் வெள்ளையம்மா என்கிற இருவாச்சி குடியிருந்தது. இருவாச்சியின் வழக்கம் தெரியுமல்லவா? முட்டையிடும் காலத்தில் பெண்பறவை பொந்துக்குள் போய், மூக்கு நுழையும் அளவு சந்து விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை வெளியே வருவதில்லை. கீழே கரடி விட்ட புகை முழுவதும் நேராக மேலே ஏறி அந்தச் சந்து வழியாக உள்ளே போனது. குஞ்சுகள் கண் திறக்கும் முன்னே இருமக் கற்றுக்கொண்டன.

வெள்ளையம்மா சந்து வழியாக மூக்கை நீட்டி முதலில் மரியாதையாகச் சொன்னது. பிறகு மரியாதை இல்லாமல் சொன்னது. கரடி வானத்தைப் பார்த்து 'ம்' என்றது. காடு முழுவதையும் சமாதானப்படுத்திய அந்த 'ம்' வெள்ளையம்மாவிடம் எடுபடவில்லை. தன் புருஷனிடம் சொல்லி அரசனுக்கு மனு அனுப்பியது. நியாயமான மனு. கரடியின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிங்கராஜா மனுவைப் படிக்கவில்லை. ஆனால் அந்த வாரம்தான் அது பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தது. அங்கே நுழைவாயிலில் 'புகையில்லாக் காடு' என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். நமக்கும் அப்படி ஒரு பலகை வேண்டும் என்று செயலாளரான கொக்கிடம் சொன்னது. ஆகட்டும் மகாராஜா, பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிடுவோம் என்றது கொக்கு.

இங்கே அந்தக் காட்டு முறையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடை ஓடுகிறது. கேள்விக்கு ஆம் என்கிறவர்கள் கிழக்குக் கரையிலும், இல்லை என்கிறவர்கள் மேற்குக் கரையிலும் நிற்க வேண்டும். கொக்கு நடுத்தண்ணீரில் நின்று தலைகளை எண்ணும். காலை வேளையில் கிழக்குக் குன்றின் நிழல் கிழக்குக் கரையில் விழும். பிற்பகலில் மேற்குக் குன்றின் நிழல் மேற்குக் கரையில் விழும். ஜனங்கள் நிழலில் நின்றார்கள். நின்ற பிறகு, இதுதான் நம் கொள்கை என்று நினைத்துக்கொண்டார்கள். இந்த விஷயம் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிற கொக்குக்கு மட்டும்தான் தெரியும். அரசனுக்கு ஆம் தேவைப்பட்டால் காலையில் கூட்டம் போடும், இல்லை தேவைப்பட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு போடும். அதனால்தான் எத்தனை ராஜாக்கள் மாறினாலும் கொக்கு மட்டும் மாறவில்லை.

சுங்கானைத் தடை செய்யலாமா என்ற கேள்விக்குக் காலையில் கூட்டம் நடந்தது. ஜனங்கள் ஒருவர் மிச்சமில்லாமல் கிழக்குக் கரையில் நின்றார்கள். கரியாண்டியும் அங்கேதான் நின்றது. அவ்வளவு ரோமத்தை வைத்துக்கொண்டு வெயிலில் எப்படி நிற்பது? ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது என்று கொக்கு அறிவித்தபோது கரடியும் எல்லோருடனும் சேர்ந்து கைதட்டியது. பாதித் தட்டலில்தான் விஷயம் புரிந்தது.

பலகை வந்தது. சுங்கான் மரத்தின் வேரிடுக்கில் கிடந்தது. அன்று சாயங்காலமும் வழக்கம்போல வரிசை நின்றது, ஆனால் கரடியின் வாய் காலியாக இருந்தது. காலியான வாய் சும்மா இருக்குமா?

முதலில் காட்டுப்பன்றி வந்து, அடிவாரத்துக் கரும்புக்கு இன்றைக்குப் போகலாமா என்று கேட்டது. போயேன் என்று கரடி உடனே சொல்லிவிட்டது. பன்றி கொஞ்ச நேரம் மேலே ஏதாவது வருமா என்று காத்திருந்துவிட்டுப் போனது, வெடிச் சத்தத்தோடு நொண்டிக்கொண்டு திரும்பியது. முள்ளம்பன்றி மாமியார் விஷயமாக மறுபடி வந்தது. துரத்திவிடு என்றது கரடி. மாமியார் போனாள், பின்னாலேயே மனைவியும் போய்விட்டாள். தன் மகளுக்கு வந்த வரன் எப்படி என்று கேட்ட மானிடம், பையனுக்குக் கொம்பு கோணல் என்று பையனை வைத்துக்கொண்டே சொன்னது. இத்தனை நாள் இதைத்தானா நாம் ஞானி என்று நினைத்தோம் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். இலுப்பைப்பூ நின்றது. பிறகு ஆள் வருவதும் நின்றுவிட்டது. எல்லோரும் சுற்றுப்பாதையில் போனார்கள். கரடி பழையபடி தனியாக உட்கார்ந்திருந்தது. தனிமை பழக்கமானதுதான், ஆனால் நடுவில் நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்துவிட்ட பிறகு அது தாங்க முடியாததாகிவிட்டது. ஒருநாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதது.

அந்த நேரம் பார்த்துச் சிங்கராஜா வந்தது. ராஜாக்களுக்கு ஊர்ப்பேச்சு கடைசியில்தான் காதில் விழும், ஆகவே கரடி இன்னும் ஞானிதான் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "என் கர்ஜனை முன்ன மாதிரியே இருக்கா?" என்று கேட்டது.

"இல்ல மகாராஜா. போன மழைக்காலத்தோட போயிடுச்சு," என்றது கரடி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்பல்லாம் நீங்க தும்முறீங்கன்னுதான் நாங்க நினைச்சுக்கிறோம்."

சிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போய், கரடியைக் காட்டைவிட்டுத் துரத்தலாமா என்று மறுநாளே கூட்டம் போடச் சொன்னது. காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் மகாராஜா என்றது கொக்கு.

அறிவிப்பைக் கேட்டுவிட்டு வந்து கரடி மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தது. வேறு காட்டுக்குப் போனால் அங்கேயும் முதலில் நகத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து யாரைப் போய்ச் சௌக்கியம் விசாரிப்பது என்று நினைத்து அழுதது. அப்போது மேலேயிருந்து ஒரு மூக்கு நீண்டது.

"கரடியண்ணே, அழுது முடிச்சாச்சுன்னா ஒரு விஷயம் சொல்லணும்."

"நீ போட்ட மனுதானே தாயி இதுக்கெல்லாம் காரணம்?"

"நான் புகை வேண்டாம்னுதான் சொன்னேன். சுங்கான் வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? நெருப்பில்லாம வாயில வெச்சுக்கிட்டா எனக்கென்ன வந்துச்சு?" என்றது வெள்ளையம்மா. "அடைச்சுக்கிட்டு உள்ள உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க ஒருத்தருக்கும் ஒரு பதிலும் சொன்னதில்ல. அதனாலதான் எல்லாருக்கும் எல்லாம் நல்லபடியா நடந்துச்சு."

வெள்ளையம்மா தர்மத்துக்காக இதைச் சொல்லவில்லை. கரடி மரத்தடியில் இருக்கும்வரைதான் மரநாய் குஞ்சுகளை நெருங்காது. கரடி போய்விட்டால் அடைத்த வாசலுக்குள் வெள்ளையம்மா எத்தனை நாள் தாங்கும்? இருமுகிற குஞ்சு வேண்டாம் என்றுதான் மனுப் போட்டது, குஞ்சே இல்லாமல் போவதற்கு அல்ல.

மறுநாள் காலை கிழக்குக் கரை நிரம்பி வழிந்தது. பன்றி நொண்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்திருந்தது. நடு ஓடையில் ஒரு பாறைமேல் கரடியை நிறுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பேசி முடித்த பிறகுதான் தலை எண்ண வேண்டும் என்பது விதி. சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கொக்கு கேட்டது.

கரடி அக்குளிலிருந்து சுங்கானை எடுத்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நெருப்பு இல்லை, இலையும் இல்லை, ஆகவே தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கொக்கு கையை விரித்துவிட்டது. கரடி சுங்கானைப் பாறையில் தட்டியது. உள்ளே பார்த்தது. ஊதியது. குச்சியால் சுரண்டியது. இல்லாத இலையைக் கட்டைவிரலால் அமுக்கியது. வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தது. திருப்தி இல்லாததுபோல எடுத்து மறுபடி தட்டியது.

நேரம் போனது. பேச ஆரம்பிக்காத ஒருவர் பேசி முடித்துவிட்டார் என்று சொல்ல விதியில் வழியில்லை. கொக்கு வெயிலைப் பார்த்தது, கரடியைப் பார்த்தது, கால் மாற்றி நின்றது. உச்சி வேளையில் இரண்டு கரையிலும் நிழல் இல்லாமல் ஜனங்கள் கொள்கை தெரியாமல் தவித்தார்கள். பிறகு ஒரு முயல் ஓடையைத் தாண்டியது. அதன் பின்னால் மான்கள் தாண்டின. எருமைகள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போயின. பன்றியும் நொண்டிக்கொண்டே போய் மேற்குக் குன்றின் நிழலில் படுத்துக்கொண்டது.

சிங்கத்தால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. நேற்றுச் சொன்னதைக் கரடி இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுமோ என்று பயந்து, தானே பேச ஆரம்பித்தது. "எனக்குப் புரியுது கரியாண்டி. அரசன் கத்தணும்கிற அவசியமே இல்லாத ராஜ்யம்தான் நல்ல ராஜ்யம். என் குரல் சின்னதானதுக்கு என் ஆட்சி பெரிசானதுதான் காரணம். அதைத்தானே நீ நேத்துச் சொல்ல வந்தே?"

கரடி சுங்கானை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றியது.

"ம்," என்றது.

பேசி முடித்தாயிற்று. கொக்கு எண்ணிப் பார்த்தது. கிழக்குக் கரையில் ஒரு ஓணான் மட்டும் இருந்தது, அதுவும் வெயில் காய்வதற்காக. ஜனங்கள் தங்கள் மனமாற்றத்தைக் கண்டு தாங்களே நெகிழ்ந்துபோனார்கள். கரடி மேல் இவ்வளவு பாசம் இருப்பது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று பன்றி அழுதது.

சட்டம் திருத்தப்பட்டது. நெருப்பில்லாச் சுங்கான் அனுமதிக்கப்பட்டதோடு, மந்திரிசபையில் கட்டாயமும் ஆக்கப்பட்டது. மரங்கொத்தி சுங்கான் குடைந்து குடைந்து ஓய்ந்துபோனது. இப்போது அரசவையில் எல்லோரும் காலிச் சுங்கானைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். ஒரு முடிவும் எடுக்கப்படுவதில்லை. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் ஒரு தப்பும் நடக்கவில்லை என்கிறார்கள்.

வெள்ளையம்மா வாசலை உடைத்துக்கொண்டு குஞ்சுகளோடு வெளியே வந்தபோது, கீழே நாங்கு மரத்தடியில் பாதிக் காடு உட்கார்ந்திருந்தது. எல்லோர் வாயிலும் சுங்கான் இருந்தது, ஆகவே யாராலும் தன் கஷ்டத்தைச் சொல்ல முடியவில்லை. சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கரியாண்டி இருந்தது. அது ஆரம்பத்திலிருந்து கேட்டது அவ்வளவுதான்.

நீதி: புகை உடல்நலத்துக்குக் கேடு, பதில் பதவிக்குக் கேடு. மக்கள் கருத்து உங்களுக்கு எதிராக இருந்தால், நிழல் நகரும்வரை எதையாவது கடித்துக்கொண்டிருக்கவும்.